பொட்டி தட்டுறவனுக்கும் ஒரு டெஸ்ட் பிளேட் கொடுங்க!

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளில் வெல்டர் வேலைக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தானாகவே கோடிங் கற்றுக்கொண்டவனைப் பற்றிய பதிவில் வெல்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ரெண்டு மூணு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

சும்மா கேட், கிரில் அடிக்கிற வேலை என்றால் மேஸ்திரி கண்ணால் பார்த்தே எடுத்துவிடுவார். பிரஷர் தாங்க வேண்டிய பைப், பாய்லர், டேங்க் என்றால் கதை வேறு. ஐ.டி.ஐ. படித்தேன், இருபது வருஷ அனுபவம் என்று என்ன சொன்னாலும் பேச்சு அங்கே முடியாது. ஓரம் சாய்த்து வெட்டிய ரெண்டு இரும்புத் துண்டைக் கையில் கொடுப்பார்கள். நடுவில் ரூட் கேப் விட்டு, ரூட் ஓட்டி, ஃபில்லர் போட்டு, கேப்பிங் முடித்துக் கொடுக்க வேண்டும். இதுதான் டெஸ்ட் பிளேட். இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே நிற்பார். அப்புறம் அந்தப் பிளேட்டைப் பட்டை பட்டையாக அறுத்து, 'யூ' மாதிரி வளைப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் விரிசல் தெரிந்தால் ஃபெயில். இல்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஓட்டை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இதற்கு உலகம் முழுக்க ஒரு விதிமுறைப் புத்தகம் உண்டு. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.ஈ. கோடு, ஒன்பதாவது செக்‌ஷன். (ஆமாம், அவர்களிடமும் 'கோடு' இருக்கிறது!) அதில் எனக்குப் பிடித்தவை ரெண்டு விஷயம். ஒன்று, 6ஜி டெஸ்ட். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிட்டு, சுற்றிச் சுற்றி வெல்டிங் பண்ணச் சொல்வது. இதில் தேறியவருக்கு மற்ற பொசிஷன்களில் தனித்தனியாக டெஸ்ட் வேண்டாம். கஷ்டமானதைச் செய்தவன் சுலபமானதைச் செய்வான் என்ற சாதாரண நியாயம். இன்னொன்று, அந்த வகை வெல்டிங்கை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் தகுதி காலாவதி. திரும்ப டெஸ்ட். ஒரு தடவை வாங்கிய பேப்பரை ஆயுசு முழுக்கக் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

கல்ஃப் போகிற ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் இங்கே ஏஜென்ட் ஏற்பாட்டில் நடக்கிற டிரேட் டெஸ்ட்டும் இதே ஜாதிதான். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினைப் பிரித்துப் போடுகிற மெக்கானிக்கிடம் யாரும் டிப்ளமா கேட்டதில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சா, கடலுக்குப் போன படகு சொந்த இன்ஜினில் திரும்பி வந்துச்சா, அவ்வளவுதான் கேள்வி. கையைப் பார்த்து ஆள் எடுப்பது எங்கள் பக்கத்துக்குப் புதுசு இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

'திறமைக்கு மட்டுமே மரியாதை' என்று அதிகமாகச் சொல்லிக்கொள்கிற தொழில் எது? நம்ம பொட்டி தட்டுகிற தொழில்தான். ஆனால் கையைப் பார்க்காமலேயே ஆளைத் திருப்பி அனுப்புவதிலும் அதுதான் முன்னால் நிற்கிறது. பத்தாவதில் 60 சதவிகிதம், பன்னிரண்டாவதில் 60, டிகிரியில் 60, அரியர் இருக்கக் கூடாது. கேம்பஸ் பக்கம் போன எல்லோருக்கும் மனப்பாடமான மந்திரம் இது. பதினைந்து வயதில் சமூக அறிவியலில் வாங்கிய மார்க்குக்கும் இன்றைக்கு எழுதுகிற பைத்தானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வராது.

என் கூட்டாளி ஒருவன். டிப்ளமாவைப் பாதியில் விட்டவன். ஏன் விட்டான் என்பது வீட்டுக் கதை, இங்கே வேண்டாம். கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிற கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் தானாக உட்கார்ந்து பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் எல்லாம் கற்றுக்கொண்டான். தெரிந்த படகுக்காரர் ஒருவருக்குக் கணக்கு பார்க்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். ஒரு தொழிலுக்குப் போய் வந்தால் டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, மீன் எவ்வளவுக்கு ஏலம் போச்சு, செலவு கழித்து ஓனருக்கு என்ன, ஆளாளுக்குப் பங்கு என்ன, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்... பேப்பரில் எழுதி மாசக் கடைசியில் சண்டை வருகிற கணக்கு இது. இப்போது போனிலேயே பார்க்கிறார்கள். சண்டை குறைந்ததா என்று கேட்டேன். "சண்டை இருக்கு, ஆனா கூட்டல் கழித்தல்ல இல்ல" என்றான்.

இவன் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தான். ஆன்லைன் ஃபாரம். 'பட்டம் பெற்ற ஆண்டு' என்ற கட்டம் கட்டாயம். 'பட்டம் இல்லை' என்று தேர்ந்தெடுக்க வழியே இல்லை. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அவனை யாரும் நிராகரிக்கவில்லை. நிராகரிக்கிற அளவுக்குக்கூட ஒரு மனுஷன் அவன் பெயரைப் பார்க்கவில்லை. ஒரு டிராப்டவுன் பாக்ஸ் பார்த்துக்கொண்டது.

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. அங்கிருந்து சிறுசேரி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தைக்கூட பஸ், ரயில் மாறி மாறிப் போய்விடலாம். அந்தக் கட்டத்தைத் தாண்டத்தான் வண்டி இல்லை.

கம்பெனிக்காரர்கள் பக்க நியாயத்தையும் பார்த்துவிடுவோம். முதல் காரணம், கூட்டம். ஒரு விளம்பரம் போட்டால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. எல்லோருக்கும் டெஸ்ட் வைத்து உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், காசு வேண்டும். 60 சதவிகிதம் என்று ஒரு கோடு போட்டால் செலவில்லாமல் பாதிப் பேர் குறைந்துவிடுவார்கள். ரெண்டாவது, கிளையன்ட். நம்ம ஊர் சர்வீஸ் கம்பெனிகள் ஆளைக் காட்டித்தான் பில் போடுகின்றன. கிளையன்ட்டுக்கு அனுப்புகிற புரொஃபைலில் 'டிகிரி இல்லை' என்று இருந்தால் கேள்வி வரும் என்ற பயம். மூணாவது, விசா. அமெரிக்காவின் எச்1பி விசாவுக்கு டிகிரியோ, அதற்குச் சமமான அனுபவமோ காட்டியாக வேண்டும். நாளைக்கு ஆன்சைட் அனுப்ப முடியாதவனை இன்றைக்கு ஏன் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இந்த மூன்றில் எதுவுமே 'டிகிரி இல்லாதவனுக்குக் கோடிங் வராது' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அளந்து பார்க்கிற செலவை மிச்சம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பது யார்ட்டில் டேலி எழுதுகிறவன்.

'டிகிரி இல்லாமல் எடுத்தால் கம்பெனி கவிழ்ந்துவிடும்' என்று யாராவது சொன்னால், இதே சென்னையில் பதில் இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ, அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்தபோதே, 2004ல் சொந்தமாக ஒரு பள்ளி ஆரம்பித்தது. பன்னிரண்டாவது, டிப்ளமா முடித்தவர்களை அவர்களே டெஸ்ட் வைத்து எடுத்து, ஃபீஸ் வாங்காமல், மாதா மாதம் உதவித்தொகையும் கொடுத்து, ரெண்டு வருஷம் கற்றுக்கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது தென்காசியிலும் நடக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக ஓடுகிற விஷயத்தை 'பரிசோதனை' என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அது பள்ளி முடித்த கையோடு வருகிற பிள்ளைகளுக்கான வாசல். இருபத்தைந்து வயதில், வேலை பார்த்துக்கொண்டே, தானாகக் கற்றுக்கொண்டு வருகிறவனுக்கு அதே மாதிரி ஒரு வாசல் மற்ற கம்பெனிகளில் எங்கே?

வெளிநாட்டிலும் வாய்ப்பேச்சு ஜாஸ்தி, செயல் கம்மிதான். ஐ.பி.எம். 2016 வாக்கிலேயே 'நியூ காலர்' வேலை என்று பேச ஆரம்பித்தது. அப்புறம் எத்தனையோ பெரிய கம்பெனிகள் 'இனிமேல் டிகிரி கேட்க மாட்டோம்' என்று அறிவித்தன. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து அமெரிக்க நிலவரத்தை ஆராய்ந்து 2024ல் ஓர் அறிக்கை விட்டார்கள். இந்த மாற்றத்தால் உண்மையில் வேலை கிடைத்தது, 2023ல் வேலைக்குச் சேர்ந்த 700 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை என்பது அதன் முடிவு. விளம்பரத்தில் வரியை எடுத்துவிட்டார்கள், ஆள் எடுப்பவர் மனதிலிருந்து எடுக்கவில்லை. ஏனென்றால் டிகிரியை எடுத்த இடத்தில் வேறு எதை வைத்து அளப்பது என்று யாரும் சொல்லவில்லை. கோலைப் பிடுங்கினால் மட்டும் போதாது, டெஸ்ட் பிளேட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் தானாகக் கற்றவன் எதைக் காட்டுவது? நம்ம பசங்க முக்கால்வாசிப் பேர் செய்வது ரெண்டு. ஒன்று, ஆன்லைன் கோர்ஸ் சர்டிஃபிகேட்டாகச் சேர்ப்பது. வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் வருகிற பேப்பர். கல்யாணப் பத்திரிகை மாதிரி அடுக்கி வைக்கலாம், வேறு பயன் இல்லை. ரெண்டாவது, கிட்ஹப்பில் இருபது புராஜெக்ட். டு-டூ லிஸ்ட், கால்குலேட்டர், வெதர் ஆப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஒரு பக்கம். யூடியூப் பார்த்து அப்படியே அடித்தது. முன்பு அதற்காவது கொஞ்சம் மதிப்பு இருந்தது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த இருபதையும் ஒரு சாயங்காலத்தில் யாரும் செய்துவிடலாம் என்பது ஆள் எடுப்பவருக்கும் தெரியும். ஆக, கோடு இருப்பது இப்போது சாட்சி இல்லை.

வெல்டருக்கு இந்தப் பிரச்சினை வராது, ஏனென்றால் அவர் வீட்டிலிருந்து பிளேட் கொண்டு வருவதில்லை. இன்ஸ்பெக்டர் கண் முன்னால் செய்கிறார். கோடிங்கிலும் மதிப்புள்ள சாட்சி என்பது இனிமேல் வேறு யாராவது வளைத்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். எனக்குத் தோன்றுகிற மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நிஜமான ஆள் நிஜமாகப் பயன்படுத்துகிற ஒரு புரோகிராம். ஒன்று போதும். மேலே சொன்ன படகுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம், ஒரே ஆள் ரெண்டு படகில் போனால் முன்பணம் ரெண்டு தடவை கழிந்தது. அதைக் கண்டுபிடித்து, பழைய கணக்கைக் கெடுக்காமல் டேபிளை மாற்ற அவனுக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரக் கதையை அவன் சொல்லும்போது கேட்டால் போதும், இவனுக்கு டேட்டாபேஸ் தெரியுமா தெரியாதா என்று ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். 'என்ன செய்தாய்' என்பதைவிட 'எது உடைந்தது, எப்படிச் சரி செய்தாய்' என்பதுதான் அங்கே முக்கியம். பசங்க ரெஸ்யூமேயில் அதை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

ரெண்டாவது, முன்பின் தெரியாதவர் ஒப்புக்கொண்ட திருத்தம். கட்டற்ற மென்பொருள் எதையாவது எடுத்து, அதில் இருக்கிற ஒரு பிழையைச் சரி செய்து அனுப்பினால், அதைப் பராமரிப்பவர் வரி வரியாகப் பார்ப்பார். சரியில்லை என்று திருப்பி அனுப்புவார். மூணாவது தடவை ஏற்றுக்கொள்வார். அவருக்கு நீங்கள் ராயபுரமா, பாஸ்டனா, பி.ஈ.யா, பத்தாவது ஃபெயிலா எதுவும் தெரியாது. அந்தப் பேச்சுவார்த்தை முழுக்கத் தேதியோடு பொதுவில் கிடக்கும். எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி. கூகுள் 2005லிருந்து நடத்துகிற 'சம்மர் ஆஃப் கோட்' கூட, 2022லிருந்து கல்லூரி மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. பதினெட்டு வயது ஆகியிருந்து, கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம், எடுத்துக்கொண்டால் உதவித்தொகையும் உண்டு. இங்கிலீஷ் பயமாக இருக்கிறவர்களுக்கு, 2012லிருந்து நடக்கிற 'கணியம்' இருக்கிறது. லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் என்று 'எளிய தமிழில்' புத்தகங்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. விழுப்புரத்தில் முடிந்தது திருவொற்றியூரில் முடியாதா என்ன?

இந்த இடத்தில் அதிராம்பட்டினத்து உமர்தம்பியைச் சொல்லாமல் போகக் கூடாது. விலங்கியல் படித்தவர், எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் துபாயில் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் இன்ஜினியர் பட்டம் எதுவும் இல்லை. தேனீ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார், எழுத்துரு மாற்றிகள் செய்தார். யூனிகோடு தமிழ் பல கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் அவர் எழுத்துருவால்தான் படிக்கக் கிடைத்தன. 2006ல் காலமானார். அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. எழுத்து தெரிந்ததா இல்லையா என்பதே அவருடைய பெண்ட் டெஸ்ட்.

மூன்றாவது, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தேர்வு. மத்திய அரசின் நைலிட் (2011 வரை டோயக் என்ற பெயர்) நடத்துகிற 'ஓ லெவல்' தேர்வை எந்தப் பயிற்சி மையத்திலும் சேராமல் நேரடியாக எழுதலாம். நாலு பேப்பர், அதில் ஒன்று பைத்தான். பிராக்டிகலும் உண்டு. சில அரசு வேலைகளுக்கு அதைக் கேட்கிறார்கள். தனியார் ஐ.டி. கம்பெனி எச்.ஆரிடம் 'ஓ லெவல்' என்றால் 'ஓ... அப்படின்னா?' என்பார் :-( இருந்தாலும், படித்த இடத்தைக் கேட்காமல் தெரிந்ததைக் கேட்கிற பழைய கதவு ஒன்று நாட்டில் இருக்கத்தான் இருக்கிறது.

இதுவரைக்கும் சொன்னது பையன்கள் செய்ய வேண்டியது. ஆனால் 'நீ திறமையை நிரூபி, எல்லாம் தானா வரும்' என்று முடித்துவிட்டால் அது பச்சை ஜல்லி. நிரூபிக்கிறதுக்கே முதல் வேண்டும். லேப்டாப் வேண்டும். தமிழக அரசு 2011ல் ஆரம்பித்துக் கொடுத்த இலவச லேப்டாப்பை வைத்துக்கொண்டு கோடிங் கற்றவர்கள் எங்கள் பக்கம் உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டவனுக்கு அதுவும் கிடைத்திருக்காது. நேரம் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் யார்ட்டில் நின்றுவிட்டு வந்து கட்டற்ற மென்பொருளுக்குச் சும்மா வேலை செய் என்று சொல்வது, வசதியானவன் வாயில் சுலபமாக வருகிற அறிவுரை. அதற்கு மேல், 'டெஸ்ட்' என்ற பெயரில் ரெண்டு நாள் வேலையை இலவசமாக வாங்கிக்கொண்டு பதிலே போடாத கம்பெனிகளும் உண்டு. 'வேலை உத்தரவாதம், முதலில் ஐம்பதாயிரம் கட்டு' என்கிற கோஷ்டி தனி. வெல்டருக்கு டெஸ்ட் பிளேட்டையும் ராடையும் கம்பெனிதான் கொடுக்கிறது. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இது தனி மனுஷன் சாமர்த்தியத்தால் தீர்கிற விஷயம் இல்லை. பொதுவான ஒரு அளவுகோல் வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அருமையான முன்மாதிரி இருக்கிறது. டைப்ரைட்டிங் தேர்வு!

சிரிக்காதீர்கள். நிமிஷத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர், 45 சொல் அடித்தால் ஹையர். தேர்வை நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். கற்றுக்கொண்டது தெருமுனை இன்ஸ்டிடியூட்டில். கறுப்பு மெஷினில் 'ஏ எஸ் டி எஃப்' தட்டிக்கொண்டிருந்த எத்தனை பேர், எத்தனை அக்காக்கள், அந்தப் பேப்பரோடு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதி அரசு ஆபீசுக்குள் போயிருக்கிறார்கள்! உன் அப்பா யார், நீ எந்தக் காலேஜ் என்று அந்த மெஷின் கேட்டதில்லை. ஒரு கைத்தொழிலை, பெரிய செலவில்லாமல், லட்சக்கணக்கான பேருக்கு, ஊர் ஊராக, நம்பகமாக அளக்க முடியும் என்று இந்த மாநிலம் எப்போதோ நிரூபித்துவிட்டது. டைப் அடிக்கிறவருக்குச் செய்ததை புரோகிராம் அடிக்கிறவருக்கு ஏன் செய்யக் கூடாது?

என் யோசனை இதுதான். 'கோடிங் லோயர்', 'கோடிங் ஹையர்' என்று ரெண்டு தேர்வு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, அரசு பாலிடெக்னிக் லேப்களில், ஞாயிற்றுக்கிழமையில். லோயருக்கு மூணு மணி நேரம். முன்னூறு வரியில் ஏற்கெனவே எழுதிய, சரியாக ஓடாத ஒரு புரோகிராமைக் கொடுக்க வேண்டும். அதில் இருக்கிற மூன்று பிழைகளைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும், ஒரு புது வசதி சேர்க்க வேண்டும், என்ன செய்தேன் என்று அரைப் பக்கம் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுத வேண்டும். முதல் பாதி இன்டர்நெட் இல்லாமல். ரெண்டாம் பாதியில் ஏ.ஐ. உதவியோடு, ஏனென்றால் வேலையிலும் அதோடுதான் உட்காரப் போகிறோம். ஹையருக்கு இதோடு பத்து நிமிஷம் ஒரு தேர்வாளரோடு பேச்சு: இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய், பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் எது முதலில் உடையும்? மனப்பாடம் பண்ணியவன் இங்கே மாட்டிக்கொள்வான். அப்புறம் வெல்டர் மாதிரியே காலாவதி தேதி. ரெண்டு வருஷம் கழித்துத் திரும்ப எழுது.

'நான் முதல்வன்' திட்டம் 2022லிருந்து இருக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. மேலும் அது கற்றுக்கொடுக்கிற திட்டம். நான் கேட்பது ஏற்கெனவே கற்றுக்கொண்டவனை அளக்கிற திட்டம். ரெண்டும் வேறு.

இதற்கு வருகிற நியாயமான எதிர்ப்பு ஒன்று: "டிகிரி படித்தவனுக்கு அடிப்படை தெரியும். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் வரிசையாகப் படித்திருப்பான். தானாகக் கற்றவன் மேலாகத்தான் மேய்ந்திருப்பான்." பாதி உண்மை. வேலைக்கு வேண்டியதை மட்டும் கற்றவனிடம் அந்த ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஓட்டை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்பதுதானே என் கட்சி? அடிப்படையையும் சேர்த்துக் கேளுங்கள். தெரியாவிட்டால் ஃபெயில் போடுங்கள். எதில் ஃபெயில் என்று சொல்லுங்கள், போய்ப் படித்துவிட்டு அடுத்த தடவை வருவான். கேட்காமலேயே ஃபெயில் போடுவதுதான் பிரச்சினை. அதே எக்ஸ்ரேயை டிகிரிக்காரனுக்கும் எடுத்தால் எத்தனை பிளேட் விரியும் என்பது நம்ம கிளாசில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன் :-)

இன்னொரு எதிர்ப்பு: "டாக்டருக்கும் இப்படிச் சொல்வாயா?" மாட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட தொழிலுக்குச் சட்டப்படியான படிப்பு வேண்டும். ஆனால் பாய்லர் வெடித்தாலும் உயிர்தான் போகும். அதன் வெல்டரை டெஸ்ட் வைத்துத்தான் நம்புகிறோம். டெஸ்ட் கறாராக இருந்தால் நம்பிக்கை வரும். ஷாப்பிங் வெப்சைட்டில் பட்டன் வைக்கிற வேலைக்கு பாய்லரைவிடக் கறாரான தகுதி கேட்பது கொஞ்சம் ஓவர்.

அரசு தேர்வு கொண்டுவரும்வரை கம்பெனிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ரெண்டே விஷயம். அந்தக் கட்டாயக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள்' என்று ஒரு கட்டம் வையுங்கள். பத்து இன்டர்வியூவில் ஒன்றை டிகிரி இல்லாதவருக்கு ஒதுக்கி, மற்றவருக்கு வைக்கிற அதே டெஸ்ட்டை வையுங்கள். வேலை கொடுக்கச் சொல்லவில்லை. பிளேட் கொடுக்கச் சொல்கிறேன். வளைத்துப் பார்த்து, உடைந்தால் அனுப்பிவிடுங்கள்.

நம்ம பசங்களுக்கு ஒன்று. கேம்பஸ் முடிந்து உள்ளே போகப் போகிறவர்கள் நீங்கள். ரெண்டு மூணு வருஷத்தில் ரெஃபரல் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அப்போது ஒரு ரெஸ்யூமே கையில் வரும், படிப்பு என்ற இடம் காலியாக இருக்கும். மூடி வைக்கிறதுக்கு முன்னால் அவன் செய்ததை ஒரு தடவை திறந்து ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.

டிஸ்கி: இது பி.ஈ. படிப்பவர்களுக்கு எதிரான பதிவு அல்ல. டிகிரி வேண்டாம் என்று யாரும் காலேஜை விட்டுவிடாதீர்கள், வீட்டில் அடி எனக்கு விழும்! டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய அண்ணன், அக்கா யாராவது படித்தால், அந்தத் தேர்வில் எது நன்றாக இருந்தது, எது சொதப்பல் என்று சொல்லுங்கள். யோசனையை இன்னும் ஒழுங்காக எழுதி தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மனுவாகவே அனுப்பலாம் என்று இருக்கிறேன்.